இரும்பு போய் அலுமினியம் வந்தது: அமெரிக்க பிக்கப் சண்டையில நம்ம பர்ஸுக்கு என்ன பாடம்?

போன வீடியோவுல "புது மாடல் வந்ததும் வாங்கலாமா, ஒரு வருஷம் பொறுக்கலாமா"ன்னு பேசினோம் இல்லையா, அதுல ஃபோர்டு எஃப்-150 கதையை ரெண்டே நிமிஷத்துல தொட்டுட்டுப் போயிட்டேன். அது ரெண்டு நிமிஷத்துல முடியற கதை இல்லை. ஒரு வண்டியோட உலோகத்தை மாத்தினதுக்காக ஒரு நாடே ரெண்டா பிரிஞ்சு சண்டை போட்ட கதை. அதுல யார் சொன்னது சரின்னு பார்க்க கால்குலேட்டரை எடுத்தோம்னா, வண்டி வாங்கறப்ப நாம கேட்கவே கேட்காத நாலஞ்சு கேள்வி வெளியே வரும். அதனால இந்த முறை விளக்கமா எழுதறேன். நீங்க வாழ்நாள்ல ஒரு பிக்கப் கூட வாங்கப் போறதில்லைன்னாலும் படிங்க.

முதல்ல ஒரு விஷயம். அமெரிக்காவுல 'ட்ரக்'னு சொன்னா பெரும்பாலும் இந்த பிக்கப்தான். முன்னாடி அஞ்சாறு பேர் உட்காரும் கேபின், பின்னாடி திறந்த சரக்குத் தொட்டி. கட்டட வேலைக்காரர், பண்ணைக்காரர் மட்டும் இல்லை, ஆபீஸ் போறவங்களும் இதைத்தான் குடும்ப வண்டியா வச்சிருக்காங்க. ஃபோர்டோட எஃப் சீரிஸ் 1977-லிருந்து அங்கே அதிகம் விற்கும் பிக்கப். கம்பெனியோட லாபத்துல பெரும்பகுதி இதுலதான் வருது. அப்படி ஒரு பொன் முட்டை வாத்தை வச்சுக்கிட்டு 2014 ஜனவரியில டெட்ராய்ட் ஆட்டோ ஷோவுல ஃபோர்டு என்ன சொல்லுச்சுன்னா, "அடுத்த மாடல்ல பாடி முழுக்க அலுமினியக் கலவை."

அடிச்சட்டம், அதாவது ஃப்ரேம், இரும்புதான். கேபின், கதவு, பானெட், பின்னாடி தொட்டி எல்லாம் அலுமினியம். எடை 700 பவுண்டு வரைக்கும் குறைஞ்சது, நம்ம கணக்குல சுமார் 318 கிலோ. நாலு பெரிய ஆளுங்க வண்டியை விட்டு இறங்கின மாதிரி. அந்த நேரத்துல ஃபோர்டுக்குத் தலைவரா இருந்த ஆலன் முலாலி, போயிங்ல விமானம் கட்டிட்டு வந்தவர். அலுமினியம் அவருக்குப் புதுசு இல்லை. அரசாங்கமும் மைலேஜ் விதியை இறுக்கிக்கிட்டு வந்த சமயம் அது. இவ்வளவு பெரிய வண்டியில மைலேஜ் ஏத்தணும்னா எடையைக் குறைச்சாதான் முடியும்.

"பீர் கேன்ல லாரி செய்யறாங்களாம்!"

செய்தி வந்த அன்னைக்கே கிண்டல் ஆரம்பிச்சிடுச்சு. பீர் கேன், சோடா கேன், அலுமினியத் தாள்னு பட்டப்பேர். வண்டி வச்சிருக்கறவங்களோட பயம் சும்மா இல்லை. அந்தத் தொட்டியில செங்கல் போடுவாங்க, ஜல்லி போடுவாங்க, கட்டை தூக்கி எறிவாங்க. "கேன் மாதிரி நசுங்கிடுமா?"ங்கிறது நியாயமான கேள்விதான்.

இங்கே கொஞ்சம் அறிவியல். ஒரே அளவு துண்டை எடுத்துக்கிட்டா அலுமினியத்தோட எடை இரும்புல மூணுல ஒரு பங்குதான். ஆனா வளையாம நிற்கற விறைப்பும் ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு. அதனால அதே தடிமன்ல தகடு போட்டா பலன் இல்லை, தகட்டைத் தடிமனாக்கணும். ஃபோர்டு அதைத்தான் செஞ்சது. தடிமன் ஏத்தின பிறகும் எடை குறைவாத்தான் இருக்கும். ஆக, கேனுக்கும் இந்தப் பாடிக்கும் உள்ள சொந்தம் பேர்ல மட்டும்தான். ஆனா அலுமினியம் கிலோ விலையில இரும்பை விட பல மடங்கு. அந்தச் செலவை யாரோ ஒருத்தர் கட்டணும்.

ஃபோர்டும் பயந்துதான் இறங்கியிருக்கு. வெளியே சொல்றதுக்கு ரொம்ப முன்னாடியே, அலுமினியத் தொட்டி போட்ட சோதனை வண்டிகளைச் சில நிறுவனங்களுக்குக் கொடுத்து, என்ன உலோகம்னே சொல்லாம ஓட்ட விட்டாங்க. அதுல ஒண்ணு நெவாடாவுல இருக்கற பாரிக் கோல்ட் தங்கச் சுரங்கம். ஷோரூம்ல தடவிப் பார்த்துச் சொல்ற கருத்தை விட, சுரங்கத்துல ரெண்டு வருஷம் அடி வாங்கின தொட்டி சொல்ற கருத்து மேல இல்லையா?

போட்டியாளர் சும்மா இருப்பாங்களா? செவர்லே ஒரு விளம்பரம் எடுத்தாங்க. ஒரு ரூம்ல ரெண்டு கூண்டு, ஒண்ணு இரும்பு, ஒண்ணு அலுமினியம். கரடியை உள்ளே விடறாங்க, ஆளுங்க எந்தக் கூண்டுக்குள்ள ஓடறாங்கன்னு பாருங்கன்னு. 2016 ஜூன்ல இன்னொண்ணு. 825 பவுண்டு கல்லை மேலிருந்து ரெண்டு வண்டித் தொட்டியிலயும் கொட்டினாங்க. சில்வராடோவோட இரும்புத் தொட்டியில பள்ளமும் கீறலும். ஃபோர்டோட அலுமினியத் தொட்டியில ஓட்டை. நாடு முழுக்கப் பார்த்தாங்க. கல்லு மண்ணு ஏத்தறவங்கள்ல நிறைய பேர் தொட்டிக்கு மேல ஒரு லைனர் போட்டுக்குவாங்க, விளம்பரத்துல அது இல்லை. அதனால சோதனை பொய்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்க உபயோகத்துக்கு அது சோதனையே இல்லைன்னு சொல்லலாம். விளம்பரம் எப்பவும் அவங்க ஜெயிக்கற மைதானத்துலதான் நடக்கும், மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்துல அவங்களுக்குப் பிடிச்ச அஞ்சு வருஷத்தை மட்டும் காட்டற மாதிரி.

இதுல வேடிக்கை என்னன்னா, அதே செவர்லே 2019 மாடல் சில்வராடோவுல கதவு, பானெட், பின்கதவு மூணையும் அலுமினியத்துல கொண்டு வந்துட்டாங்க. தொட்டி மட்டும் இரும்பு. கரடி எங்கே போச்சுன்னு தெரியலை!

விற்பனையைப் பார்த்தா, 2015-ல எஃப் சீரிஸ் 7,80,000-க்கு மேல. 2018-ல 9 லட்சத்தைத் தாண்டிடுச்சு. கிண்டல் பண்ணினவங்கள்ல எத்தனை பேர் வரிசையில நின்னாங்களோ.

உண்மையான காசு எங்கே போகுது?

சரி, பர்ஸுக்கு வருவோம். லாபப் பக்கம் முதல்ல எரிபொருள். 2014 மாடல்ல நல்ல மைலேஜ் கொடுத்தது 3.7 லிட்டர் வி6, அரசாங்கக் கணக்குப்படி கலப்பு ஓட்டத்துல கேலனுக்கு 19 மைல். 2015-ல புதுசா வந்த 2.7 லிட்டர் ஈகோபூஸ்ட், ரெண்டு சக்கர டிரைவ்ல கேலனுக்கு 22 மைல். நம்ம பாஷையில லிட்டருக்கு 8 கிலோமீட்டர் இருந்தது 9.4 ஆச்சு. இந்த முன்னேற்றம் முழுக்க அலுமினியத்தால வந்தது இல்லைங்கிறதைக் குறிச்சு வச்சுக்கோங்க, இன்ஜினும் சேர்ந்து மாறியிருக்கு. "எடை குறைஞ்சதால மைலேஜ்"னு விற்பனையாளர் ஒரே மூச்சுல சொல்லிடுவார்.

வருஷத்துக்கு 12,000 மைல் ஓட்டினா, பழசுக்கு 632 கேலன், புதுசுக்கு 545 கேலன். மிச்சம் சுமார் 86 கேலன். கேலன் 3.50 டாலர்னா வருஷத்துக்கு 301 டாலர் மிச்சம். வண்டியை அறிமுகப்படுத்தினப்ப விலை ஏறக்குறைய அந்த நிலையிலதான் இருந்தது. ஆனா வண்டி ஷோரூமுக்கு வந்த நேரத்துல கச்சா எண்ணெய் விலை சரிஞ்சு போச்சு. 2014 ஜூன்ல பீப்பாய் 100 டாலருக்கு மேல இருந்தது, 2015 ஜனவரியில 50-க்குக் கீழே. கேலன் 2.50-னு வச்சா மிச்சம் 215 டாலர்தான். வாங்கினவர் எந்தத் தப்பும் பண்ணலை, அவரோட கணக்குல கால் பங்குக்கு மேல காணாமப் போச்சு. எரிபொருள் மிச்சத்தை நம்பி கூடுதல் விலை கொடுக்கறவங்க யாரா இருந்தாலும், இன்னைக்கு விலையை மட்டும் வச்சுக் கணக்குப் போடாதீங்க. மிச்சம் பாதியாகிட்டாலும் எனக்குக் கட்டுப்படியாகுமான்னு ஒரு தடவை போட்டுப் பாருங்க.

இப்ப நஷ்டப் பக்கம். டிங்கரிங்.

அலுமினியத்தை இரும்பு மாதிரி சூடு பண்ணி, தட்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிச்சு அனுப்பிட முடியாது. இரும்புத் தூள் அலுமினியத்து மேல படிஞ்சா பின்னாடி அரிப்பு வரும். அதனால தனி இடம், தனிக் கருவி, தூசி உறிஞ்சற ஏற்பாடு எல்லாம் வேணும். பாகங்களை வெல்டிங்குக்குப் பதிலா ரிவெட்டும் பசையும் வச்சுத்தான் பெரும்பாலும் சேர்க்கறாங்க. இதுக்காக ஒரு டீலர் 30,000-லிருந்து 50,000 டாலர் வரைக்கும் முதலீடு போட வேண்டியிருந்ததுன்னு அப்ப பேசப்பட்டது. அந்தக் காசு கடைசியில யார் பில்லுல வரும்?

எட்மண்ட்ஸ்னு ஒரு கார் விமர்சன நிறுவனம் 2015-ல சொந்தக் காசுல வாங்கின புது எஃப்-150-ஐ, பெரிய சுத்தியலால ரெண்டு அடி அடிச்சு, ரிப்பேருக்கு அனுப்பிப் பார்த்தாங்க. பில் 3,000 டாலரை ஒட்டி வந்தது. அந்த ஒர்க்‌ஷாப்புல இரும்புக்கு மணிக்கு 60 டாலர் கூலி, அலுமினியத்துக்கு 120. ஆனா அந்தப் பில்லுல இன்னொரு வரி இருந்தது, அதை யாரும் பெரிசா பேசலை. உடைஞ்ச பின் விளக்கு ஒண்ணு மட்டும் 900 டாலரை நெருங்கிடுச்சு. ஏன்னா அதுக்குள்ள எல்இடி, பக்கத்து வண்டியைக் கண்டுபிடிக்கற சென்சார் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டு. அலுமினியத்தைப் பத்தி ஊரே சண்டை போட்டுக்கிட்டு இருக்கு, சத்தமில்லாம ஒரு விளக்கு பர்ஸைக் காலி பண்ணுது. இன்னைக்கு நீங்க டாப் வேரியண்ட்ல கேமரா, சென்சார்னு டிக் அடிக்கறப்ப அந்த விளக்கு ஞாபகம் வரட்டும்.

கொஞ்சம் முறையான சோதனையும் இருக்கு. அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நடத்தற நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஐஐஹெச்எஸ். இவங்க 2015-ல பழைய இரும்பு எஃப்-150, புது அலுமினிய எஃப்-150 ரெண்டையும் மணிக்கு 10 மைல் வேகத்துல மோத விட்டுப் பார்த்தாங்க, பார்க்கிங்ல நடக்கற மாதிரி சின்ன இடி. அலுமினிய வண்டியோட ரிப்பேர் செலவு 26 சதவீதம் அதிகம். இரும்புல 3,000 டாலர் ஆகற வேலைக்கு இங்கே 3,780. வித்தியாசம் 780 டாலர். மேலே பார்த்த 215 டாலர் மிச்சத்தோட ஒப்பிடுங்க: ஒரே ஒரு இடி, மூணரை வருஷ பெட்ரோல் மிச்சத்தை முழுங்கிடுது.

அதே நேரத்துல அவங்க வெளியிட்ட இன்னொரு முடிவு இதை விட முக்கியம்னு நான் நினைக்கறேன். முன்பக்க ஓரத்துல மட்டும் மோதற சோதனையில, நாலு கதவு பெரிய கேபின் வண்டிக்கு 'நல்லது'ன்னு தரம். அதே 2015 மாடல்ல சின்னப் பின்கதவு வச்ச விலை குறைஞ்ச கேபினுக்கு 'சுமார்'. காரணம், பெரிய கேபின்ல சக்கரத்துக்குப் பக்கத்துல வச்ச தடுப்புத் துண்டுகள் சின்ன கேபின்ல இல்லை. விஷயம் வெளியே வந்த பிறகு 2016 மாடல்ல எல்லாத்துக்கும் கொடுத்தாங்க. பாருங்க, ஒரே பேர், ஒரே விளம்பரம், ஒரே அலுமினியம். அதிகம் விற்கற கேபினுக்கு ஒரு பாதுகாப்பு, மத்ததுக்கு வேற. ஐந்து நட்சத்திரம்னு பேனர் கட்டியிருந்தா, அந்த நட்சத்திரம் நான் வாங்கற வேரியண்ட்டுக்கான்னு எழுத்துல கேளுங்க. இதுக்கு வெட்கப்படவே கூடாது.

ரெண்டு பேர், ஒரே வண்டி

ஏன் ஒருத்தர் "அருமையான வண்டி"ங்கிறார், இன்னொருத்தர் "ஏமாத்திட்டாங்க"ங்கிறார்? கற்பனையா ரெண்டு பேரை வச்சுப் பார்ப்போம்.

முதல் ஆள் டெக்சஸ்ல ஆபீஸ் வேலை. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வண்டி மாத்தறவர். பெட்ரோல்ல அவருக்கு மிச்சம் மூணு வருஷத்துக்கு 645 டாலர். துரு? டெக்சஸ் வெயில்ல, மூணு வருஷத்துல, இரும்பு வண்டியும் துருப் பிடிச்சிருக்காது. அதனால அலுமினியத்தோட பெரிய பலனே அவருக்குக் கிடைக்கலை. மாறா, அந்தப் பக்கம் ஆலங்கட்டி மழை சாதாரணம். கல்லு விழுந்த குழிகளைப் பெயிண்ட் போகாம உள்ளேயிருந்து தள்ளி எடுக்கறது அலுமினியத்துல கஷ்டம், அதுக்குத் தனிக் கட்டணம் சேர்ப்பாங்க. ஆனா கடன் இருக்கற வண்டிக்கு முழு இன்ஷூரன்ஸ் கட்டாயம். டிடக்டிபிள் 500 டாலர்னு வச்சிருந்தா, பில் 3,000 ஆனாலும் 3,780 ஆனாலும் அவர் கையை விட்டுப் போறது 500 மட்டும்தான். மீதி இன்ஷூரன்ஸ் கம்பெனியோட தலைவலி, பிறகு மெதுவா எல்லாரோட பிரீமியத்துலயும் வரும்.

ரெண்டாவது ஆள் மிச்சிகன். குளிர்காலத்துல ரோட்டுல பனி உறையாம இருக்க உப்புக் கொட்டற ஊர். வண்டியைப் பன்னிரண்டு வருஷம் வச்சு ஓட்டறவர். பெட்ரோல்ல மிச்சம் 2,580 டாலர். அந்த ஊர்ல பத்து வருஷம் ஓடின இரும்பு பிக்கப்பைப் பார்த்திருந்தீங்கன்னா தெரியும்: சக்கர வளைவு, கதவுக்குக் கீழே இருக்கற பட்டை, கேபின் மூலை எல்லாம் அப்பளம் மாதிரி உதிரும். அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க ஆயிரக்கணக்குல ஆகும், இல்லைன்னா விற்கறப்ப விலை விழும். இவருக்கு அலுமினியம் நிஜமாவே காசு. ஆனா அடிச்சட்டம் இரும்புதானே, அடியில எண்ணெய் அடிக்கற வேலையை விட முடியாது. அலுமினியத்துக்குச் செந்துரு வராதே தவிர, இரும்பும் அதுவும் தொட்டுக்கற இடத்துல உப்புத் தண்ணி பட்டா வேற வகை அரிப்பு வரும், பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பும். பழைய ஃபோர்டு வண்டிகள்ல அலுமினிய பானெட்டுக்கு இந்தப் புகார் ஏற்கனவே உண்டு.

இவரோட ஆபத்து வேற இடத்துல. கடன் முடிஞ்ச பிறகு, வண்டி பழசாச்சேன்னு சொந்த வண்டி சேதத்துக்கான இன்ஷூரன்ஸை எடுத்துடுவார். அங்கே நிறைய பேர் அப்படித்தான் செய்யறாங்க. அந்த நாள்லேர்ந்து ஒவ்வொரு இடியோட 26 சதவீதக் கூடுதலும் அவர் பாக்கெட்லேர்ந்துதான்.

ஆக ரெண்டு பேரும் சொல்றது அவங்கவங்களுக்கு உண்மை. எத்தனை வருஷம் வச்சிருப்பீங்க, எந்த ஊர்ல ஓட்டறீங்க, நசுங்கினா பில்லை யார் கட்டறாங்க, இந்த மூணும் தெரியாம ஒருத்தரோட ரிவ்யூவை நம்பி நீங்க முடிவெடுக்க முடியாது. சென்னையில கடற்கரைப் பக்கம் வண்டி நிறுத்தறவருக்கும் ஓசூர்ல நிறுத்தறவருக்கும் துரு ஒண்ணா இருக்காது.

மூணாவதா ஒரு கூட்டம் இருக்கு, அவங்களோட குறை எனக்கு ரொம்பப் பிடிச்சது. பிளம்பர், எலக்ட்ரீஷியன் மாதிரி சின்னத் தொழில் பண்றவங்க கம்பெனி பேர் போட்ட காந்தப் பலகையைக் கதவுல ஒட்டி வச்சுப்பாங்க. வேலை நேரத்துல ஒட்டுவாங்க, ஞாயித்துக்கிழமை எடுத்துடுவாங்க. அலுமினியத்துல காந்தம் ஒட்டாது! எந்த விளம்பரத்துலயும், எந்தச் சோதனையிலயும் இது வரலை. வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்து பலகையை வச்சா, அது பொத்துனு கீழே விழுது.

சண்டைக்கு வெளியே நிற்கற செலவு

இப்ப நான் இந்தக் கட்டுரையை எழுதினதுக்கான காரணம். இவ்வளவு நேரம் நாம பார்த்தது எல்லாம் வருஷத்துக்கு 200, 300 டாலர் சமாச்சாரம். அமெரிக்காவுல பிக்கப் கடன் 72 மாசம், 84 மாசம்னு நீண்டுக்கிட்டே போகுது. ஒரு உதாரணம்: 40,000 டாலர் கடன், 5 சதவீத வட்டி. 72 மாசம்னா இஎம்ஐ 644 டாலர், மொத்தம் கட்டறது சுமார் 46,380. 84 மாசம்னா இஎம்ஐ 565, மொத்தம் சுமார் 47,490. "மாசம் 79 டாலர் கம்மி சார்"னு காதுல இனிப்பா விழும். ஆனா கூடுதல் வட்டி 1,100 டாலர். மேலே பார்த்த 215 டாலர் கணக்குல அது அஞ்சு வருஷ பெட்ரோல் மிச்சம். அலுமினியமா இரும்பான்னு ஆறு மாசம் ஆராய்ச்சி பண்ணிட்டு, டீலர் மேஜையில ஒரே நிமிஷத்துல இதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு வர்றாங்க.

வேரியண்ட்டும் அப்படித்தான். புது மாடல் வந்தப்ப அடிப்படை வேரியண்ட்டோட விலை ஏறினது 395 டாலர்தான். அலுமினியத்துக்காக வாங்கறவர் அந்த 395-ஓட நின்னுருக்கலாம். தோல் சீட்டு, பெரிய ஸ்கிரீன் வச்ச உச்ச வேரியண்ட்டுகளுக்கு உயர்வு ஆயிரக்கணக்குல. அதுலயும் இதுலயும் அதே அலுமினியம்தான். நிறைய பேர் 'புது டெக்னாலஜி'ங்கிற பேர்ல வாங்கினது உண்மையில சீட்டு.

"அப்ப முதல் வருஷமே வாங்கலாமா?"ன்னு கேட்பீங்க. என் கருத்து: புது பாடின்னா ஒரு வருஷம் பொறுங்க, புது இன்ஜின்னா ரெண்டு வருஷம். பாடியில பிரச்சனை வந்தா கொப்புளம், சத்தம்னு வரும். இன்ஜின்ல வந்தா நடுரோட்டுல நிற்கும். டொயோட்டா டண்ட்ரா 2022-ல மறுவடிவம் வந்தப்ப வி8-ஐ எடுத்துட்டு டர்போ வி6 வச்சாங்க. டொயோட்டான்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்னு நினைக்கறோம். 2024-ல, இன்ஜின் தயாரிப்பப்ப உள்ளே தங்கின உலோகத் துகள் காரணமா, அமெரிக்காவுல சுமார் ஒரு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாப் போச்சு. ராம் கதை வேற மாதிரி. 2025 மாடல்ல ஹெமி வி8-ஐ நிறுத்தினாங்க, வண்டிக்காரங்க முகம் சுளிச்சாங்க, அடுத்த வருஷ மாடலுக்கே அதைத் திரும்பக் கொண்டு வந்துட்டாங்க. பொறுத்தவருக்கு ரெண்டுல எது வேணும்னு தேர்ந்தெடுக்கற வசதி கிடைச்சது.

உங்க பணமும் இந்த லாரியில இருக்கலாம்

இதை வீடியோவுல சொல்ல மறந்துட்டேன்னு நினைக்காதீங்க, இதுக்காகவே எடுத்து வச்சிருந்தேன். எஃப்-150-க்கு அலுமினியத் தகடு கொடுத்த முக்கிய கம்பெனிகள் ரெண்டு: அல்கோவா, நோவெலிஸ். இந்த நோவெலிஸ் யாருதுன்னு நினைக்கறீங்க? 2007-ல ஆதித்ய பிர்லா குழுமத்தோட ஹிண்டால்கோ சுமார் 600 கோடி டாலருக்கு வாங்கினது. ஹிண்டால்கோ நிஃப்டி 50-ல இருக்கற பங்கு. நீங்க மாசம் 2,000 ரூபாய் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டுல எஸ்ஐபி போட்டா, அதுல சின்னத் துளி டெட்ராய்ட் லாரிக் கதவுலயும் இருக்கு. 2025 செப்டம்பர்ல நியூயார்க் மாநிலம் ஆஸ்விகோவுல இருக்கற நோவெலிஸ் ஆலையில தீப்பிடிச்சப்ப, எஃப்-150 உற்பத்தி அடி வாங்குச்சு. ஒரு உலோகத்தை நம்பி இறங்கினா, அந்த உலோகத்தை உருட்டற ஆலைகள் சிலதை மட்டும் நம்பி நிற்கணும்ங்கிறது கம்பெனிக்கும் புரிஞ்சது, பங்குக்காரருக்கும் புரிஞ்சது. (இது பங்குப் பரிந்துரை இல்லை, வழக்கம்போல சொல்லிடறேன்.)

கடைசியா, அமெரிக்காவுல வேலை பார்க்கற நம்ம நண்பர்கள் சிலர் பழைய எஃப்-150 வாங்கலாம்னு இருப்பீங்க. பழைய வண்டி பார்க்கறப்ப ஒரு சின்னக் காந்தத்தைப் பாடி மேல வச்சு, ஒட்டாத இடத்துல பட்டி இருக்குன்னு கண்டுபிடிக்கற பழக்கம் உண்டு இல்லையா? 2015-க்கு அப்புறம் வந்த எஃப்-150-ல அது எடுபடாது, எங்கேயுமே ஒட்டாது. அலுமினியத்துக்கும் வேலை செய்யற பெயிண்ட் தடிமன் மீட்டர் வேணும். வாங்கறப்ப இரும்பு அல்லாத உலோகத்துக்கும் அளக்குமான்னு பார்த்து வாங்குங்க. அது இல்லைன்னா அலுமினிய வேலை தெரிஞ்ச பாடி ஷாப்ல காசு கொடுத்து ஒரு தடவை காட்டுங்க. அப்படியே கீழே குனிஞ்சு, அந்த இரும்பு அடிச்சட்டத்தை டார்ச் அடிச்சுப் பார்த்துடுங்க.